சத்தம் பார்த்து வாங்கு

கைய வைங்கக்கா, ஊட்டி தெரியும் பாருங்க, என்று கடைக்காரர் சொன்னதும் அம்மா கூலரின் முகத்துக்கு நேராகக் கையை நீட்டினாள், நானும் நீட்டினேன், காற்று வந்தது, ஈரமாக, புது பிளாஸ்டிக் வாசனையோடு விரல் இடுக்கில் புகுந்து போனது, ஊட்டி எதுவும் தெரியவில்லை. அவர் சட்டையில் சஞ்சீவி என்று பேர் குத்தியிருந்தது. மூக்கில் பாதி தொண்டையில் பாதியாகப் பேசுகிற ஆள். ‘அக்கா’ என்னும்போது நடுவில் இருக்கிற ‘க்’ மேல் ஏறி ஒரு நொடி உட்கார்ந்துவிட்டு இறங்குகிறார், ஒவ்வொன்றையும் ‘ஆக்சுவலா’வில் தொடங்கி ‘அதான் மேட்டரு’வில் முடிக்கிறார். போன வருஷம் என்றால் இந்நேரம் அவரை முழுசாக எடுத்து வாய்க்குள் போட்டிருப்பேன், வெளியே போய் ஸ்கூட்டியைக் கிளப்புவதற்குள், ஆக்சுவலாக்க்கா, என்று ஒன்று விட்டு அம்மாவை ஆற்காடு ரோட்டில் நிற்க வைத்துச் சிரிக்கவிட்டிருப்பேன். கேஸ் புக்கிங்கில் பேசுகிற பொம்பளை, ரேஷன் கடை எடைபோடுகிறவர், கெமிஸ்ட்ரி மிஸ், காட்பாடி ஸ்டேஷனில் தாமதத்துக்கு வருந்துகிற அம்மணி, எல்லாரும் என் தொண்டையில் வாடகை தராமல் குடியிருந்தவர்கள். பிளஸ் ஒன் படிக்கும்போது ஹெட்மிஸ்ட்ரஸ் குரலில் வராந்தா ஸ்பீக்கரில், மதியத்துக்கு மேல் பள்ளி விடுமுறை, என்று சொல்லி ரெண்டு செக்‌ஷனைப் பையைத் தூக்க வைத்தவள் நான். இப்போதும் காது எடுக்கிறது, அது நிற்கவில்லை, தானாக எடுத்து உள்ளே அடுக்கிக்கொள்கிறது, வெளியேதான் ஒன்றும் வருவதில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி. கடித்தால்கூட யாருடைய கன்னத்தையோ கடித்த மாதிரி இருக்கும், அப்படி.

கத்திரி ஆரம்பித்து ஒன்பது நாள். வேலூரில் கத்திரி என்றால் பாலாற்று மணலே பார்த்துப் பயப்படும், அதுவும் எங்கள் வீடு மாடியில் கடைசி, தலைக்கு மேல் தளம், தளத்துக்கு மேல் சூரியன், நடுவில் ஒன்றுமில்லை. அந்த வீட்டின் முன் அறையில் இரும்புக் கட்டிலில் அப்பா படுத்திருக்கிறார். இப்போது பக்கத்தில் துரைக்கண்ணு மாமா உட்கார்ந்து பேப்பர் படித்துக் காட்டிக்கொண்டிருப்பார், பந்தல் போடுகிறவர், அப்பா மைக் செட் கட்டப் போகிற கல்யாணத்துக்கெல்லாம் முன்னாலேயே போய்க் கம்பு நடுகிறவர். அப்பாவின் கழுத்துக் குழியில் ஓர் ஓட்டை இருக்கிறது. குரல்வளையை எடுத்துவிட்டார்கள். இனி மூக்கு வாய் எல்லாம் அழகுக்கு, மூச்சு அந்த ஓட்டை வழியாகத்தான். நனைத்த வலைத்துணி ஒன்றை மாலை மாதிரி கட்டி அதன் மேல் தொங்கவிட்டிருக்கிறோம், வீட்டு வெயிலில் அது அரை மணியில் காய்ந்து அப்பளம் ஆகிவிடுகிறது. காய்ந்த காற்று போனால் சளி கெட்டியாகி அடைத்துக்கொள்ளும், அடைத்தால் கூப்பிட்ட உடனே போய் எடுக்கணும், ரெண்டு நிமிஷம்கூடத் தாங்காது, என்று வார்டு நர்ஸ் விரலை ஆட்டி ஆட்டிச் சொல்லியிருந்தார். அதனால் ஏசி வேண்டாம், அது காற்றைக் காயவைக்கும். அதனால் கூலர். ஆனால் கூலர் சத்தம் போடும். அப்பாவால் கூப்பிட முடியாது, மோதிரத்தால் கட்டில் கம்பியில் தட்டுவார், டொக் டொக், அதுதான் கூப்பாடு. கூலர் ஓடினால் டொக் டொக் கேட்காது. அதனால் கூலர் வேண்டாம். அதனால் ஏசி. ஏசி காற்றைக் காயவைக்கும். ஒரு வாரமாக இதுதான் ஓடுகிறது, தோசைக்கல்லைக் காயவைத்துக்கொண்டே அம்மா ஒரு பக்கம் சொல்லுவாள், திருப்பிப் போட்டதும் மறுபக்கம் சொல்லுவாள். கிளம்பும்போது அப்பா மேஜிக் சிலேட்டில் எழுதிக் காட்டினார். சத்தம் பார்த்து வாங்கு. காட்டிவிட்டு இழுத்தார், அழிந்துவிட்டது. கம்மியாக இருக்கிற மாதிரிப் பார்த்து வாங்கச் சொல்கிறார் என்று அம்மா படியிறங்கும்போது சொன்னாள். இருக்கலாம். அதைக்கூட ஒரு பேச்சாகக் கேட்க முடியாது, எழுத்துக்கு ஏற்ற இறக்கம் கிடையாது.

பெல் வாங்கிக் குடுத்துடுங்களேன், ரிமோட் பெல்லு, என்று சஞ்சீவி சொன்னார், விஷயத்தை அம்மா அரைகுறையாகச் சொன்ன பிறகு. அதை முன்னாடியே வாங்கியாயிற்று. அமுக்கினால் சமையலறையில் ஒரு குருவி கத்தும். அப்பா ஒரு தடவை அமுக்கினார், குருவி கத்தி முடிக்கும் வரைக்கும் முகத்தைச் சுளித்தபடி கேட்டார், பிறகு சிலேட்டை எடுத்து, பேட்டரி போனா? என்று எழுதிவிட்டுப் பெல்லைத் தலையணைக்குப் பின்னால் தள்ளிவிட்டார். இருபத்தாறு வருஷம் மைக் செட் வைத்திருந்தவர். தாலி கட்டுகிற நிமிஷத்தில் பேட்டரி போகும் என்று தெரிந்தவர். எத்திராஜ் சவுண்ட் சர்வீஸ், ரெண்டு ஸ்பீக்கர் பெட்டி, ஒரு ஆம்ப்ளிஃபையர், கொத்துக் கொத்தாக ஒயர். எத்தனையோ ஆயிரம் பேரைப் பேச வைத்த மனுஷன், அவர் மைக்கில் பேசினது மொத்தமும் ஒரே வசனம்தான். விரல் நுனியால் மைக்கின் தலையில் டொக் டொக். ஹலோ. மைக் டெஸ்டிங். ஒன், டூ, த்ரீ. அப்புறம் மைக்கை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு ஓரமாகப் போய் பீடி பற்றவைத்துக்கொண்டு நிற்பார். இப்போதும் அதே டொக் டொக். தட்டிவிட்டு ஒரு கணம் இருக்கும். ஹலோ வர வேண்டிய கணம். அது வராமல் கடந்து போவதை நான் ஒவ்வொரு தடவையும் கேட்கிறேன்.

சஞ்சீவி எங்களை ஏசி பக்கம் நகர்த்தினார், காசு அங்கேதான் இருக்கிறது என்று அவர் நடையிலேயே தெரிந்தது. ஒரு டன்னா, ஒன்றரை டன்னா, ரூம் எத்தனைக்கு எத்தனை. அம்மாவுக்கு டன் என்றால் அரிசி. அவ்ளோ எடையை எங்க சுவரு தாங்குமா தம்பி, என்று கேட்டாள். அவர் சிரிக்காமல் விளக்கினார், நல்ல மனுஷன். ஆக்சுவலா வெய்ட் இல்லக்கா, வெளிய ஒரு பெட்டி, உள்ள ஒரு பெட்டி, நடுவுல பைப்பு போறதுக்குச் சுவத்துல ரெண்டரை இஞ்சு ஓட்டை, அதான் மேட்டரு. ஓட்டை. நாக்கு ஒரு பல்லில் போய்ப் போய்த் தட்டுகிற மாதிரி நினைப்பு அங்கே போய் நின்றது. கீழ்வீட்டு ஓனரம்மாவிடம் அம்மா போன வாரம் கேட்டபோது, இன்னாமா, வந்து ரெண்டு வருஷம் ஆவல, செவுத்துல ஓட்டை போடுவேன்ற, என்றார், வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு. பிறகு அம்மா முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, சரி, போட்டா சுத்தமா போடு, பேத்து வெக்காத, என்று குரலை இறக்கினார். டாக்டரும் சுத்தமாகத்தான் போட்டிருந்தார். ஒரு ரூபாய்க் காசளவு. ஓரமெல்லாம் வழவழப்பாக, பிறக்கும்போதே இருந்த மாதிரி. முதல் தடவை துணியை விலக்கிப் பார்த்தபோது எனக்கு அழுகை வரும் என்று எல்லாரும் என்னையே பார்த்தார்கள், நான் ஸ்பீக்கர் பெட்டியில் கோன் இருக்கிற இடத்தை நினைத்துக்கொண்டு நின்றேன், கோனைக் கழற்றிய பிறகு தெரியும் வட்டத்தை. ஒன்றும் வரவில்லை. இப்பவும் ஒன்றும் வரவில்லை. பிளஸ் டூ ரிசல்ட் வந்தது, மார்க் எவ்வளவு என்று யாராவது கேட்டால் யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

எல்லாக் குரலும் எனக்கு வரும், அப்பா குரல் மட்டும் வராது. அது அடித்தொண்டைக் கட்டைக்குரல், வெறும் பாத்திரத்தில் தேங்காய் உருண்டால் வருகிற மாதிரி, ஒரு பொம்பளைப் பிள்ளைத் தொண்டைக்கு அது எட்டாது. முயற்சி செய்தால் ஏதோ கிழவி மாதிரி வரும், அப்பாவே, போடி, உங்க அத்தை மாதிரி இருக்கு, என்று விழுந்து விழுந்து சிரிப்பார். போன ஐப்பசியில் அவர் குரல் கம்மியது. மழையில் நனைந்தார், தொண்டை கட்டியிருக்கு, என்றோம். மிளகு ரசம், கல்கண்டு, சித்தரத்தை. கார்த்திகையிலும் கம்மியே இருந்தது, கட்டை போய் வெறும் காற்றும் கரகரப்பும் மிச்சம். கரகரப்புக்கு ஆண் பெண் கிடையாது. ஒருநாள் பல் தேய்த்துக்கொண்டே சும்மா முயன்று பார்த்தேன், சுலோ, தண்ணி கொண்டா, என்று. அச்சு அசல். அம்மா சொம்போடு வந்து நின்றாள். அந்த நிமிஷம் எனக்குள் ஏறின சந்தோஷம் இருக்கிறதே, அதை இப்போது எடுத்துப் பார்க்கிறேன், யாரோ கட்டிவிட்டுப் போன புடவை மாதிரி இருக்கிறது, அதன் நிறம் மட்டும் தெரிகிறது. கடைசியில் அப்பாவும் என் தொண்டைக்கு வந்துவிட்டார். குரல் சரியாகிவிடுமோ என்றுதான் நான் பயந்தேன். அதுதான் நிஜம், வேறு யாரிடமும் சொன்னதில்லை. அப்பாவுக்கு எதிரிலேயே அப்பா மாதிரி பேசுவேன், அவர் பதில் பேசுவார், எது யாரென்று அம்மா கண்ணை மூடிக்கொண்டு சொல்ல வேண்டும், தோற்றால் காபி அவள்தான் போட வேண்டும். எப்போதும் தோற்பாள். இருமல் வரும் வரைக்கும் அப்பா சிரிப்பார். டாக்டரைப் பார்க்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை, எங்கள் வீட்டில் அது வியாதி இல்லை, ஐட்டம்.

பிறகு போனில் ஆரம்பித்தேன். துரைக்கண்ணு மாமா போனை வாங்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறி அவர் நம்பரிலிருந்தும், ஒரு தடவை அப்பா பீடி வாங்கப் போனபோது விட்டுப்போன அவர் போனிலிருந்தும். சுலோ, சாவிய விட்டுட்டேன், கீழ வா. அம்மா முப்பத்திரண்டு படி இறங்கி வந்து கேட்டைத் திறந்து தெருவைப் பார்ப்பாள், நான் மொட்டை மாடியிலிருந்து அப்பா குரலில், மேல பாரு, என்பேன். ஐந்தாறு தடவை இருக்கும். ஆறு. ஆறாவது தடவை அவள் சிரிக்கவில்லை, முட்டி வலி, இனி வரமாட்டேன் போ, என்றாள்.

இனி வரமாட்டேன். சஞ்சீவி ஏதோ நட்சத்திரக் கணக்குக் காட்டிக்கொண்டிருந்தார், மூணு ஸ்டார், அஞ்சு ஸ்டார், அம்மா தலையாட்டினாள், கண்ணாடிக் கதவுக்கு வெளியே ரோடு வெள்ளையாக எரிந்தது, ஒரு பஸ் அதில் கரைந்து போனது. தை மாசம், வியாழக்கிழமை, முகூர்த்த நாள். எனக்கு ஸ்டடி லீவு, தோழி வீட்டில் படிக்கப் போயிருந்தேன், படிக்கவில்லை, அவள் பாட்டு டீச்சர் குரலை எடுத்துக்கொண்டிருந்தேன். சத்துவாச்சாரி மண்டபத்தில் ஒயர் இழுத்துக்கொண்டிருந்த அப்பா ஸ்பீக்கர் பெட்டி மேல் உட்கார்ந்து அம்மாவுக்குப் போன் போட்டிருக்கிறார். சுலோ, மூச்சு வரல. அம்மா என்ன சொன்னாள் என்பது எனக்குத் தெரியும், ஆஸ்பத்திரியில் நர்ஸிடம் அவள் சொல்லும்போது தூணுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன், என்னிடம் சொல்லவில்லை. தேனு, அடி வாங்குவ, எங்கேர்ந்துடி பேசற. மறுபடி போட்டிருக்கிறார். வெய்யிடி போனை. மறுபடி. எடுத்து, ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டாள். அந்தக் கணக்கு அம்மா போனில் இன்னமும் இருக்கிறது, நான் பார்த்தேன். மிஸ்டு கால் இல்லை, மூன்றும் பேசிய அழைப்புகள். பதினொரு விநாடி. ஆறு விநாடி. நாலு விநாடி. பந்தல் மேலிருந்து துரைக்கண்ணு மாமா பார்த்து இறங்கி வந்து, சாமான் ஆட்டோவில் போட்டுக் கொண்டுபோய்ச் சேர்த்தார். கட்டி மூச்சுக்குழாயை மூடிக்கொண்டு நின்றது, ஐப்பசியிலேயே வந்திருந்தால் குரலையாவது வைத்துக் கொடுத்திருப்போம், என்றார் பெரிய டாக்டர். தேன்மொழி. என் பேர் அது. அப்பா வைத்தது.

உன்னாலதான் என்று அம்மா இன்னும் சொல்லவில்லை. நாலு மாசமாகக் காத்திருக்கிறேன். தோசை ஊற்றும்போது சொல்லுவாள், துணி பிழியும்போது சொல்லுவாள், இதோ இப்போது வாயைத் திறக்கிறாளே, சொல்லப்போகிறாள் என்று. என்ன குரலில் சொல்லுவாள் என்றுகூட எடுத்து வைத்திருக்கிறேன், அம்மா எனக்கு நன்றாக வருவாள், மெதுவாக, ‘உன்’னில் அழுத்தாமல், ‘தான்’ஐ மட்டும் கொஞ்சம் விழவிட்டு. ஒத்திகை பார்க்கப் பார்க்க அதற்கும் மரத்துவிட்டது. அவளோ உப்பு இருக்கா, கதவு சாத்தினியா, இதைத் தவிர ஒன்றும் கேட்பதில்லை. வீட்டில் சத்தமே இல்லை. அப்பாவிடம் இல்லை, என்னிடம் இல்லை, அம்மாவுக்குப் பேச ஆள் இல்லை. குக்கர் விசில் வந்தால் மூன்று பேரும் திரும்பிப் பார்க்கிறோம்.

அம்மா திடீரென்று, தம்பி, இங்க இரும்புக் கட்டில் இருக்குதா, என்று கேட்டாள். இருந்தது, பீரோக்களுக்கு அந்தப் பக்கம், மெத்தை போடாமல். சஞ்சீவிக்கு ஏசி போய்க் கட்டில் வாங்க வந்துவிட்டோமோ என்று குழப்பம். பேசாம வெச்சுப் பாத்துடலாம்டி, என்றாள் என்னிடம். நீ படு. தட்டு. நான் அடுப்படியில நிக்கறேன். எங்கள் வீட்டில் அடுப்பிலிருந்து கட்டிலுக்குப் பதினாலு தப்படி என்று அவள் அளந்து வைத்திருப்பது எனக்கு அப்போதுதான் தெரியும். முதலில் ஏசி. குளிர்ந்த கண்ணாடி அறை ஒன்று இருந்தது, அதில் ஒரு ஸ்டீல் ஸ்டூல், நான் உட்கார்ந்தேன், கதவைச் சாத்தினார்கள். ஏசி என்றால் கதவு சாத்தித்தான் இருக்கும். கண்ணாடிக்கு வெளியே அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு எண்ணி எண்ணி நடந்து மிக்ஸி அடுக்கின் முன்னால் போய் நின்றாள், வாழ்நாளெல்லாம் அங்கேயே நின்ற மாதிரி. ஸ்கூட்டி சாவியால் தட்டினேன். டொக் டொக். உதடு காய்ந்தது, மூக்கின் உள்பக்கம் காய்ந்தது, அந்த அறையின் காற்றில் ஒரு பொட்டு ஈரம் இல்லை, வலைத்துணி கால் மணிகூட நிற்காது. அம்மா திரும்பினாள். மெல்லிசாக் கேக்குது, என்றாள். பாத்தீங்களாக்கா, என்றார் சஞ்சீவி. ஒரு வாளித் தண்ணி உள்ள வெச்சா காத்து காயாதுங்க, அதான் மேட்டரு. அம்மா வாளியை யோசித்தாள். கோடையில் வேலூர்க்காரிக்கு ஒரு வாளி எவ்வளவு நேரம் தாங்கும் என்று தெரியும்.

பிறகு கூலரைச் சக்கரத்தில் உருட்டி வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். நான் படுத்தேன். இரும்புப் பட்டைகள் முதுகில் அழுந்தின. ஸ்பீடை மூணுல வெச்சிடுங்க, கத்திரியில மூணுலதான் ஓடும், என்றாள் அம்மா. அது கிளம்பியது. கல்யாண வீட்டில் எல்லா ஸ்பீக்கரையும் திறந்துவிட்டு மைக்கை எங்கேயோ மறந்து வைத்தால் வருமே, ஒரு முரட்டு ஹம், அப்பா ஓடி ஓடிப் போய் எந்த ஒயர் என்று தேடுவாரே, அது. அதற்குள் உலகமே மூழ்கிவிட்டது. தட்டினேன். என் தட்டல் எனக்கே கையில்தான் தெரிந்தது, காதில் இல்லை. கட்டிலின் கால்மாட்டுக் கம்பி வழியாக அம்மாவைப் பார்த்தேன். மிக்ஸிகளைப் பார்த்தபடி நின்றாள். இன்னும் பலமாகத் தட்டினேன். அவள் கொண்டையில் ஒரு மயிர்கூடத் திரும்பவில்லை. சஞ்சீவி என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார், பாவம் என்பது மாதிரியும், நான்தான் சொன்னேனே என்பது மாதிரியும். அவர் போய்ச் சொன்ன பிறகே அம்மாவுக்குத் தெரிந்தது. தட்டினியா, என்று அங்கிருந்தே சைகை காட்டினாள். இரண்டு விரலைக் காட்டினேன், ரெண்டு தடவை.  பிறகு, இன்னொரு தடவை, என்று விரலைச் சுழற்றிக் காட்டிவிட்டு மறுபடி முதுகைத் திருப்பிக்கொண்டாள்.

அப்போது காற்று கழுத்தில் பட்டது. இத்தனை நேரமும் பட்டுக்கொண்டுதான் இருந்திருக்கும். குழியில், இரண்டு எலும்புக்கும் நடுவில், ஈரமாக, ஜில்லென்று, சரியாக அந்த இடத்தில். இதமாக இருந்தது. அவருக்கு இது இதமாக இருக்கும் என்று தெரிந்தது, நினைத்துக் கண்டுபிடிக்கவில்லை, கழுத்துக்கே தெரிந்தது. கூரையில் ஒரு டியூப்லைட் விட்டு விட்டு எரிந்தது. இப்படித்தான் படுத்துக் கிடப்பார், மேலே பார்த்துக்கொண்டு. மூச்சு முட்டும்போது கை மோதிரத்தைத் தேடும். தட்டுவார். தட்டினால் யாராவது வர வேண்டும். வராமலும் போகலாம் என்று அவருக்குத் தெரியும், பதினொரு விநாடி, ஆறு, நாலு, அவருக்குத் தெரியாதா. தெரிந்துகொண்டே ஒவ்வொரு தடவையும் தட்டுகிறார். சாவி என் கையில் இருந்தது, கம்பி பக்கத்தில் இருந்தது, கை போகவில்லை. தட்டு என்றேன், எனக்கு நானே, கெமிஸ்ட்ரி மிஸ் குரலில், ஓனரம்மா குரலில், காட்பாடி அம்மணி குரலில். போகவில்லை. தட்டி, அவள் திரும்பாமல் நிற்பதை இன்னொரு தடவை பார்க்க முடியாது. கூலர் ஓடிக்கொண்டே இருந்தது. நான் சும்மா படுத்திருந்தேன். ஒரு ஐந்து விநாடி, பத்து விநாடி, எண்ணவில்லை.

அம்மா திரும்பினாள். திரும்பினவள் நடக்கவில்லை, ஓடிவந்தாள், கொசுவத்தை ஒரு கையால் தூக்கிக்கொண்டு, முட்டி வலியோடு, பீரோ ஒன்றில் இடித்துக்கொண்டு, வீட்டில் வருகிற அதே முகத்தோடு வந்து கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து என் கழுத்தைப் பார்த்தாள். கழுத்தைத்தான் முதலில் பார்த்தாள். பிறகுதான் அது நான் என்று பட்டது போல.

“கேட்டுதுடி,” என்றாள். “இப்ப நல்லாவே கேட்டுது.”

நான் எழுந்து உட்கார்ந்தேன். “நான் தட்டவே இல்லம்மா.”

சஞ்சீவி கூலரை அணைத்தார். கடையின் மற்ற சத்தங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன, யாரோ ஒரு ஃபிரிட்ஜைத் திறந்து மூடினார்கள், வெளியே ஹாரன். அம்மா என் கையில் இருந்த சாவியைப் பார்த்தாள், கம்பியைப் பார்த்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள், அதற்கு மெத்தை இல்லை என்பதை மறந்து பட்டென்று. இடித்த முட்டியைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். இப்போது சொல்லப்போகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. நாலு மாசம் ஒத்திகை பார்த்த குரலைக் காதில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

“அன்னிக்கும் இப்படி வந்திருக்கணும்,” என்றாள். “நீயாவே இருந்தாலும் வந்திருக்கணும். யாரா இருந்தா இன்னா.”

நான் எடுத்து வைத்திருந்த குரல் இல்லை அது. அதில் ‘உன்’ இல்லை, ‘தான்’ இல்லை. எதையும் எடுக்க என் காதுக்குத் தோன்றவில்லை. அவள் முட்டியில் நானும் கை வைத்தேன், கை தெரிந்தது, முட்டியின் சூடு தெரிந்தது, அவ்வளவு தெரிந்தது.

தட்டாமலே வரேன்ல, அப்புறம் எதுக்கு ஏசி, கூலரையே போடுங்க தம்பி, ஈரமா இருக்கட்டும், என்றாள் சஞ்சீவியிடம். அவர் கடைசியாக ஒரு தடவை நியாயம் சொன்னார், அக்கா, சத்தம் இருக்குமே. இருக்கட்டும், வீட்ல ஒரு சத்தம் இருக்கட்டும், என்றாள் அம்மா. தண்ணியைத் தினமும் மாத்தணும், ஜன்னல் திறந்து வைக்கணும், பாசி பிடிக்க விடக் கூடாது என்று அவர் சொல்லச் சொல்ல எல்லாவற்றுக்கும் சரி சரி என்றாள், பள்ளிக்கூடத்தில் சேர்க்க வந்தவள் மாதிரி. பில் போடுகிற மேஜைக்குப் போனோம். அங்கே நாற்காலி ஒன்றுதான், அம்மா உட்கார்ந்தாள், நான் பின்னால் நின்றேன். வாரண்ட்டி கார்டு யார் பேர்ல போடணும், என்று சஞ்சீவி பேனாவைத் திறந்துகொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் சாதாரணமாகத்தான் வாயைத் திறந்தேன். என் குரலில் சொல்லத்தான் திறந்தேன்.

“எத்திராஜ்.”

கரகரவென்று, பாதி காற்றாக, அடியில் எங்கேயோ ஒரு தேங்காய் உருண்டது. தையிலிருந்து யார் காதிலும் விழாத குரல். அது கடையின் குளிரில் ஒரு நொடி நின்றது. அம்மாவின் முதுகு நிமிர்ந்தது, திரும்பவில்லை.

“தொண்டை கட்டியிருக்கா பாப்பா,” என்றார் சஞ்சீவி, எழுதிக்கொண்டே. “இந்த வெயில்ல ஐஸ் தண்ணி குடிக்காத.”

“கட்டலை தம்பி,” என்றாள் அம்மா. “அது அவங்கப்பா.”